சிப் வடிவமைக்க அரசுப் பணம்: கைக்காசு தீராமல் டிஎல்ஐ ஊக்கத்தொகை வாங்குவது எப்படி?

சிப் வடிவமைப்புக்கு மத்திய அரசு தரும் ஊக்கத்தொகையான டிஎல்ஐ-க்கு ஒப்புதல் வந்த அன்று அலுவலகத்தில் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தோம். அதற்கு இரண்டு மாதம் கழித்து, சம்பளம் போடுவதற்காக என் கூட்டாளி வீட்டு நகையை அடகு வைத்தார். அரசு பணம் தருகிறேன் என்று சொன்ன பிறகும் ஏன் இந்த நிலை? ஒப்புதல் கடிதத்தைப் பணம் என்று நினைத்துவிட்டோம், அவ்வளவுதான். விண்ணப்பத்தில் "திருப்பித் தரப்படும்" என்ற சொல்லை நாங்கள் மூன்று பேரும் படித்திருந்தோம். அதன் பொருள் மட்டும் மண்டையில் ஏறவில்லை.

சொந்தமாக ஒரு சிப் வடிவமைக்க நினைக்கும், ஐந்து முதல் இருபது பேர் கொண்ட, இந்தியாவில் பதிவான சிறு கம்பெனிகளுக்காக இதை எழுதுகிறேன். ஆலை கட்டப் போகிறவர்களுக்கு இது பயன்படாது. அவர்களுக்கான விதிகள் வேறு.

ஒரு எச்சரிக்கை. டிஎல்ஐ எனப்படும் வடிவமைப்பு சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்தின் முதல் சுற்றுக்கு 2022 ஜனவரி 1-இல் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கு விண்ணப்பம் வாங்கினார்கள். கீழே நான் தரும் எண்கள் அந்தச் சுற்றின் விதிகள். புதிய சுற்றுக்கு விண்ணப்பிப்பவர்கள் அப்போதைய அறிவிப்பை முதல் வரியிலிருந்து படியுங்கள். சதவீதமும் உச்சவரம்பும் மாறலாம், ஆனால் காகித வேலையைச் சீக்கிரம் தொடங்கியவருக்கு நஷ்டமில்லை.

1. இது எந்த மாதிரிப் பணம் என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

திட்டத்தை மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்காக நடத்தும் முகமை சி-டாக் என்ற மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனம். உதவி மூன்று வகை.

முதலாவது பணமே அல்ல. வடிவமைப்பு மென்பொருள், ஐபி கோர்கள் (பிறர் முன்பே வடிவமைத்து வைத்த சுற்றுப் பகுதிகள்), சிப்பை மாதிரிக்கு அச்சடிக்கும் வசதி, வந்த சிப்பைச் சோதிக்கும் உதவி ஆகியவை இதில் அடங்கும்.

இரண்டாவது, வடிவமைப்புச் செலவுக்கான ஊக்கத்தொகை. தகுதியான செலவில் 50 சதவீதம் வரை திருப்பித் தருவார்கள். ஒரு விண்ணப்பத்துக்கு உச்சவரம்பு 15 கோடி ரூபாய்.

மூன்றாவது, விற்பனைக்கான ஊக்கத்தொகை. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

இரண்டாவது வகையில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். உங்கள் சிப்புக்கு மொத்தச் செலவு 8 கோடி. அதில் விதிப்படி தகுதியானது 6.5 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரக்கூடியது அதிகபட்சம் 3.25 கோடி. மீதி 4.75 கோடி உங்கள் பணம். சரி, 4.75 கோடி கையில் இருந்தால் போதுமா? போதாது. அந்த 3.25 கோடியையும் முதலில் செலவழிப்பது நீங்கள்தான். பில்லைக் கொடுத்து, அதைச் சரிபார்த்து, அதன் பிறகுதான் பணம் வரும். ஆக, ஏதோ ஒரு மாதத்தில் உங்கள் கம்பெனி கிட்டத்தட்ட முழுச் சுமையையும் தூக்கி நிற்கும். அந்த மாதம் எது என்று இப்போதே காலண்டரில் வட்டம் போடுங்கள். நாங்கள் போடவில்லை. நகைக்கடன் அட்டைதான் எங்களுக்கு அதைச் சொன்னது.

குஜராத்தின் தோலேராவில் 91,000 கோடி ரூபாயில் டாடா கட்டும் ஆலைக்கும் மத்திய அரசு பாதிச் செலவைத் தருகிறது. ஆனால் ஆலைகளுக்கான விதியில், கம்பெனி தன் பங்கைப் போடப் போட அரசும் தன் பங்கைக் கூடவே போடும். சின்னவன் முழுதாகச் செலவழித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நியாயமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அதற்காக உங்கள் காலண்டர் மாறப் போவதில்லை.

2. கம்பெனி யாருடையது என்று சரிபாருங்கள்

இது உள்நாட்டுக் கம்பெனிகளுக்கான திட்டம். பங்கு மூலதனத்தில் 50 சதவீதத்துக்கு மேல் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமக்களிடமோ, அவர்களுக்குச் சொந்தமான, அவர்கள் கட்டுப்பாட்டில் உள்ள இந்தியக் கம்பெனிகளிடமோ இருக்க வேண்டும். ஊக்கத்தொகை பெற்ற பிறகும் மூன்று ஆண்டுகளுக்கு இந்த நிலை தொடர வேண்டும்.

இதில் மூன்று பொறிகள் இருக்கின்றன.

"வசிக்கும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் உங்கள் கல்லூரி நண்பர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கலாம். அவர் பெயரில் உள்ள பங்கை உங்கள் பக்கக் கணக்கில் சேர்ப்பதற்கு முன் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

முதலீட்டாளர் சொன்னார் என்று தாய்க் கம்பெனியை சிங்கப்பூருக்கோ டெலவேருக்கோ மாற்றியிருந்தால், மேலே படிக்கும் முன் ஒரு நல்ல கம்பெனிச் செயலரைப் பாருங்கள்.

மூன்றாவதுதான் உண்மையில் கடிக்கும். ஒப்புதல் கிடைத்ததும் உங்கள் மதிப்பு ஏறும். வெளிநாட்டு முதலீட்டாளர் வருவார். இன்றைக்கு 18 சதவீதம்தானே என்று கையெழுத்துப் போடுவீர்கள். பின்னால் பங்காக மாறக்கூடிய பத்திரங்கள், ஊழியர்களுக்கு ஒதுக்கிய பங்கு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டாவது முதலீட்டுச் சுற்றில் நீங்கள் 50-க்குக் கீழே போயிருப்பீர்கள். எல்லாம் பங்காக மாறினால் யாரிடம் எவ்வளவு இருக்கும் என்று ஒரு தாளில் போட்டு, மூன்று ஆண்டுக்கு முன்னோக்கிப் பாருங்கள். முதலீட்டு ஒப்பந்தம் எழுதும் வழக்கறிஞரிடமும் அந்தத் தாளைக் கொடுத்துவிடுங்கள்.

3. விண்ணப்பப் பக்கத்தைத் திறக்கும் முன் காகிதங்களைச் சேருங்கள்

எங்களுக்கு இதற்கே ஏழு வாரம் பிடித்தது. ஒழுங்காகச் செய்தால் மூன்று வாரத்தில் முடியும்.

கையில் இருக்க வேண்டியவை: கம்பெனிப் பதிவுச் சான்றிதழ், அமைப்பு விதிகள், பான், ஜிஎஸ்டி பதிவு, தணிக்கை செய்த கணக்குகள், ஆடிட்டர் சான்றளித்த பங்குதாரர் பட்டியல், யார் கையெழுத்திடலாம் என்ற இயக்குநர் குழுத் தீர்மானம், அந்த நபரின் டிஜிட்டல் கையெழுத்து. இவற்றோடு, ஸ்டார்ட்அப் என்றால் டிபிஐஐடி என்ற மத்திய அரசுத் துறையின் அங்கீகாரம், சிறு குறு நிறுவனம் என்றால் உத்யம் பதிவு.

டிபிஐஐடி அங்கீகாரத்துக்கும் உத்யம் பதிவுக்கும் அரசுக் கட்டணம் கிடையாது. தேடுபொறியில் முதலில் வரும் பக்கம் இரண்டாயிரம், மூவாயிரம் கேட்டால் அது அரசுப் பக்கம் அல்ல. உடனே மூடிவிடுங்கள்.

ஆடிட்டர் தரும் ஒவ்வொரு சான்றிதழிலும் அந்தச் சான்றிதழை அடையாளம் காட்டும் 18 இலக்க யுடிஐஎன் எண் இருக்க வேண்டும். 2019 பிப்ரவரியிலிருந்து சான்றிதழ்களுக்கு இது கட்டாயம். கையெழுத்திட்ட 60 நாளுக்குள் அவர் அதை உருவாக்க வேண்டும். "அப்புறம் போட்டுத் தருகிறேன் சார்" என்றால் ஏற்காதீர்கள். எண் இருக்கும் தாளை மட்டும் வாங்குங்கள்.

எங்கள் விண்ணப்பம் ஒருமுறை கேள்வியோடு திரும்பி வந்தது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு சான்றிதழில் விற்றுமுதல் என்று போட்டிருந்த எண்ணும், இன்னொன்றில் போட்டிருந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் வைப்புநிதி வட்டியையும் சேர்த்திருந்தார்கள், மற்றதில் சேர்க்கவில்லை. இரண்டும் சரி, ஆனால் இரண்டும் ஒரே தலைப்பில் இருந்தன. விண்ணப்பத்தில் வரும் எண்களை எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி, எந்தத் தாளில் எந்த எண் என்று ஒருவர் உட்கார்ந்து டிக் அடிக்க வேண்டும். அந்த எண்களைத் தயாரித்தவர் அல்லாத ஒருவர்.

இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணையும், அதாவது ஐஇசி, இப்போதே வாங்கிவிடுங்கள். கட்டணம் 500 ரூபாய். உங்கள் சிப் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும் நாளில் இது இல்லாவிட்டால் பெட்டி விமான நிலையத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

4. மென்பொருள் உதவியை முதலில் கேளுங்கள்

சிப் வடிவமைப்பு மென்பொருளை நேரடியாக வாங்கப் போனால் ஒரு சிறு கம்பெனியின் முழு முதலீடும் அதிலேயே கரைந்துவிடும். பெங்களூரில் உள்ள சி-டாக்கின் சிப்பின் மையம் வழியாக சினாப்சிஸ், கேடன்ஸ், சீமென்ஸ் போன்றவர்களின் மென்பொருளைத் தொலைவிலிருந்தே பயன்படுத்தலாம். பாதியைத் திரும்ப வாங்குவதைவிட, செலவே செய்யாமல் இருப்பது பல மடங்கு மேல். என் கருத்தில் திட்டத்தின் ஆகச் சிறந்த பகுதி இதுதான். ஏனோ எல்லாரும் 15 கோடியைப் பற்றியே பேசுகிறார்கள்.

எந்தெந்தக் கருவி, எத்தனை பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவார்கள், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று அட்டவணை போட்டுக் கேளுங்கள். கடைசிக் கட்டச் சரிபார்ப்பில்தான் உரிமங்கள் அதிகம் தேவைப்படும். "எங்களிடம் ஆறு பேர் இருக்கிறோம், அதனால் ஆறு" என்று எழுதாதீர்கள். கேட்ட திட்டத்துக்கு மட்டுமே பயன்படுத்துங்கள். வெளி வேலைக்கு அதே கருவியைத் தொடுவது உரிம மீறல்.

5. திட்ட அறிக்கையைப் பின்னாலிருந்து எழுதுங்கள்

பலரும் "முதல் மாதம் கட்டமைப்பு, நான்காம் மாதம் வடிவமைப்பு" என்று முன்னாலிருந்து எழுதுவார்கள். நாங்களும் அப்படித்தான் எழுதினோம். அது தப்பு. ஃபவுண்ட்ரியின், அதாவது சிப்பை அச்சடித்துத் தரும் ஆலையின், ஷட்டில் தேதியிலிருந்து பின்னோக்கி எழுத வேண்டும்.

ஷட்டில் என்பது ஷேர் ஆட்டோ மாதிரி. ஒரு சிப்புக்கான முழு மாஸ்க் செட்டை, அதாவது அச்சடிக்கத் தேவையான அச்சுத் தகடுகளை, தனியாகச் செய்தால் 28 நானோமீட்டர் என்ற நுண்ணளவுத் தொழில்நுட்பத்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிடும். அதையே பல கம்பெனிகளின் வடிவமைப்புகளை ஒரே வேஃபரில் (சிப்கள் அச்சாகும் சிலிக்கான் தட்டில்) வைத்துப் பகிர்ந்துகொண்டால் ஆளுக்குக் கொஞ்சம் ஆகிறது. நம் ஊர் ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பும் வரை நிற்கும். இது நிற்காது. சொன்ன தேதியில் கிளம்பிவிடும். எங்கள் சிப்பின் ஓரத்து இணைப்பு வளையத்தில் (பேட் ரிங்) இருந்த சில வடிவமைப்பு விதிப் பிழைகளைச் (டிஆர்சி) சரிசெய்ய நான்கு நாள் தாமதமானது. அடுத்த ஷட்டில் மூன்று மாதம் கழித்து. அந்த மூன்று மாதச் சம்பளத்தை எந்தத் திட்ட அறிக்கையிலும் நாங்கள் எழுதியிருக்கவில்லை.

பின்னோக்கி எழுதும்போது இந்த இடைவெளிகளை விடுங்கள்:

ஃபவுண்ட்ரியோடு ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டு, அவர்களின் வடிவமைப்புக் கோப்புகளை வாங்கச் சில வாரங்கள். சிறிய கம்பெனி என்றால் பதில் வரவே நாளாகும். சிப் எதற்குப் பயன்படும், யார் வாங்குவார்கள் என்றும் கேட்பார்கள். இந்த வேலையை விண்ணப்பத்துக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

முடித்த வடிவமைப்புக் கோப்பை ஃபவுண்ட்ரிக்கு அனுப்பியபின் சிப் கைக்கு வர, முதிர்ந்த தொழில்நுட்பங்களில்கூட ஏறக்குறைய மூன்று மாதம். பிறகு பேக்கேஜிங், அதற்குப் பிறகு சோதனை.

அப்புறம் முக்கியமானது, இரண்டாவது அச்சு. முதல் சிப் முழுதாக வேலை செய்யும் என்று நம்பி எழுதிய பட்ஜெட்டை எந்த அனுபவசாலியும் நம்பமாட்டார். மதிப்பீட்டில் எங்களிடம் வந்த முதல் கேள்வியே "முதல் சிப் சரிவராவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்பதுதான். எங்களிடம் பதில் இருந்தது. பட்ஜெட்டில் அதற்கான பணம்தான் இல்லை.

எந்த நானோமீட்டர் என்பதில் பந்தா வேண்டாம். மின்சார மீட்டருக்கோ சென்சாருக்கோ சிப் செய்பவருக்கு 180 நானோமீட்டரே போதுமானதாக இருக்கலாம். அந்த அளவில் மொஹாலியில் உள்ள அரசின் எஸ்சிஎல் ஆலையிலேயே அச்சடிக்க வழி உண்டு. சென்னை ஐஐடியிலிருந்து கிளம்பிய மைண்ட்குரோவ் 28 நானோமீட்டருக்குப் போனது என்றால் அவர்கள் செய்தது ஒரு முழு மைக்ரோகண்ட்ரோலர். உங்கள் சிப்புக்கும் அது தேவையா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

வாடிக்கையாளர் கடிதங்களையும் இணையுங்கள். "இந்த முயற்சியை வரவேற்கிறோம்" என்ற கடிதம் கல்யாண வாழ்த்துமடல் மாதிரி. "இன்ன விலையில், இன்ன தரச் சோதனையில் தேறினால், ஆண்டுக்கு இத்தனை எண்ணிக்கை வாங்கப் பரிசீலிப்போம்" என்ற கடிதம்தான் எடையுள்ளது. அப்படி ஒன்று வாங்க எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது.

6. உங்கள் பாதியைத் தேடுங்கள்

அரசுப் பாதிக்கு விண்ணப்பம் எழுதும் அதே வேகத்தில் தனியார் பாதியையும் தேட வேண்டும். ஒன்று முடிந்து மற்றது என்று வைத்தால் இரண்டும் கெடும்.

தொடக்கத்துக்குச் சிறு தொகைகள் உண்டு. தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் நிதித் திட்டமான டான்சீட் பத்து லட்சம் தருகிறது, பதிலுக்குக் கொஞ்சம் பங்கு கேட்கும். மத்திய அரசின் ஸ்டார்ட்அப் விதை நிதியில், கருத்தை நிரூபிக்க 20 லட்சம் வரை மானியமாகவும், சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை கடனாகவோ மாற்றத்தக்க பத்திரமாகவோ கிடைக்கலாம். சிப் செலவுக்கு இவை பொரி மாதிரிதான். ஆனால் எஃப்பிஜிஏ பலகையில், அதாவது வேண்டியபடி மாற்றி அமைக்கக்கூடிய சிப் உள்ள பலகையில், ஒரு மாதிரியை ஓட்டிக் காட்டப் போதும். ஓடும் மாதிரியைப் பார்த்த முதலீட்டாளர் பேசும் விதமே வேறு.

வங்கிக் கடனுக்குப் போனோம். மேலாளர் நல்ல மனிதர், "ஆலை எங்கே, இயந்திரம் எங்கே?" என்று கேட்டார். எங்களிடம் இருந்தது லேப்டாப்புகளும் ஒரு சர்வரும். சிப் கம்பெனிக்கு ஆலை இருக்காது என்று புரியவைக்கவே இரண்டு சந்திப்புகள் ஆயின. நீங்கள் போகும்போது ஸ்டார்ட்அப்களுக்கான கடன் உத்தரவாதத் திட்டத்தின் பெயரைச் சொல்லியே பேச்சைத் தொடங்குங்கள். 2025-இல் அதன் உச்சவரம்பை 10 கோடியிலிருந்து 20 கோடியாக உயர்த்தினார்கள். டிபிஐஐடி அங்கீகாரம் இருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். உத்தரவாதம் இருந்தாலும் கடன் கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் முடிவு.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் 2025-26 பட்ஜெட்டில் 500 கோடி ரூபாய்க்கு அறிவித்த செமிகண்டக்டர் இயக்கம் 2030-இன் ஆணைகளையும் பார்த்துவையுங்கள். ஆனால் ஒரே பில்லை மத்திய அரசிடமும் மாநில அரசிடமும் காட்டாதீர்கள். தெரியாமல் நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். எந்தச் செலவு எந்தத் திட்டத்துக்கு என்று பில்லின் மீதே எழுதிவிடுங்கள்.

7. முதல் ரூபாயிலிருந்து கணக்கு

முதலில் பார்க்க வேண்டியது, எந்தத் தேதிக்குப் பிந்தைய செலவு கணக்கில் வரும் என்பதை. அடுத்து, தகுதியான செலவுகளின் பட்டியலை. இரண்டையும் அச்சடித்துக் கணக்கு பார்ப்பவரின் மேஜைக்கு எதிரே ஒட்டுங்கள். கணக்கு மென்பொருளில் திட்டத்துக்குத் தனிக் கணக்குத் தலைப்பு திறங்கள்.

எங்கள் கையை விட்டுப் போன செலவுகள் இவை. அவசரத்துக்கு என் சொந்தக் கிரெடிட் கார்டில் வாங்கிய சோதனைப் பலகைகள், பில் என் பெயரில். இரண்டு திட்டங்களில் மாறி மாறி வேலை பார்த்த மூன்று பொறியாளர்களின் சம்பளம், டைம்ஷீட் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வந்த முதல் சிப் பெட்டி, முகவரியில் எங்கள் பொறியாளர் பெயரை மட்டும் போட்டிருந்ததால் சுங்க ஆவணமும் அவர் பெயரிலேயே வந்தது. அதைக் கம்பெனியின் பெயருக்கு மாற்ற நடந்த நடையில் இரண்டு ஜோடிச் செருப்பு தேய்ந்தது. இனிமேல் எந்தப் பொட்டலம் வந்தாலும் கம்பெனிப் பெயர், ஐஇசி, ஜிஎஸ்டி எண் மூன்றும் முகவரியிலேயே இருக்க வேண்டும் என்று அனுப்புபவருக்கு எழுதிவிடுங்கள்.

டைம்ஷீட் விஷயத்தில் பொறியாளர்கள் முணுமுணுப்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை பத்து நிமிடம், அவ்வளவுதான். மாதக் கடைசியில் நினைவிலிருந்து நிரப்பிய டைம்ஷீட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எல்லா நாளும் எட்டு மணி நேரம், தீபாவளி உட்பட.

டாலரில் செலுத்தியவற்றுக்கு வங்கியின் பரிமாற்ற அறிவிப்புத் தாள், அன்றைய மாற்று விகிதம், பில், ஒப்பந்தம் நான்கையும் ஒரே கோப்பில் வையுங்கள். வெளிநாட்டுச் சேவைக்கு நீங்களே கட்டும் ஜிஎஸ்டியைத் தனி வரியாகக் காட்டுங்கள். செலவோடு கலந்து எழுதினால் முழுத் தாளையும் மறுபடி போட வேண்டியிருக்கும்.

கிளெய்ம் போடும் வேலையை ஆண்டுக் கணக்கு முடியும் மாதங்களில் வைக்காதீர்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் ஆடிட்டர் உங்கள் போனை எடுக்கமாட்டார்.

8. விற்பனைக்கான ஊக்கத்தொகையை ஓரமாக வையுங்கள்

சிப் விற்கத் தொடங்கிய பிறகு, ஐந்து ஆண்டுகளுக்கு நிகர விற்பனையில் 6 முதல் 4 சதவீதம் வரை, ஒரு விண்ணப்பத்துக்கு உச்சவரம்பு 30 கோடி. ஸ்டார்ட்அப்களும் சிறு நிறுவனங்களும் ஐந்து ஆண்டில் மொத்தமாகக் குறைந்தது ஒரு கோடிக்கு விற்றிருக்க வேண்டும், மற்ற உள்நாட்டுக் கம்பெனிகள் ஐந்து கோடிக்கு. 30 கோடி என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். 6 சதவீதத்திலேயே அதைத் தொட 500 கோடிக்கு விற்க வேண்டும். பத்து கோடி விற்றால் வருவது 60 லட்சம். முதலீட்டாளருக்குக் காட்டும் கணக்கில் இதைச் சேர்க்காமல் விட்டால் உங்கள் மேல் மரியாதைதான் கூடும்.

விற்கத் தொடங்கும் நாளில் இன்னொரு கடிகாரமும் ஓடத் தொடங்குகிறது. 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிப்பின் தளவமைப்பைப் பதிவு செய்தால் பத்து ஆண்டு பாதுகாப்பு உண்டு. ஆனால் வணிகத்துக்கு வந்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டால் பதிவு செய்ய முடியாது. முதல் விற்பனைப் பில்லின் தேதியைக் குறித்துவையுங்கள். அப்படியே ஐஇசி விவரங்களை ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் புதுப்பிக்க வேண்டும் என்பதையும். விவரம் எதுவும் மாறாவிட்டாலும் உள்ளே போய் உறுதிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் எண் முடங்கிவிடும். எங்கள் இரண்டாவது பெட்டி அப்படித்தான் பதினோரு நாள் விமான நிலையத்தில் கிடந்தது.